கீழ போறேன்

1

இந்தக் கதை என்னுடையதல்ல. புதுச்சேரி சாரத்தில் என் பக்கத்து வீட்டுக் கார்குழலி கேட்டதால் எழுதுகிறேன். “நீங்கதான் கதை எழுதுறீங்களே சார், அவரத் திரும்பி வர வச்சி ஒண்ணு எழுதுங்களேன்” என்றாள். முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

2

2006 மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வானம் [அடித்துவிட்டேன். வானத்தைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? மேஜையிலிருந்து தொடங்குகிறேன்.]

மேஜையில் இரண்டு ஜி.பி.எஸ். கருவிகள். அவள் புருஷன் மதிவாணன் தட்டாஞ்சாவடியில் லேத் ஓட்டுபவன். ஞாயிறானால் முதுகில் மோட்டாரைக் கட்டிக்கொண்டு பாராசூட்டில் பறப்பான். கூடப் பறக்கும் சொல்தா கோவிந்தசாமி, பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரர், பாரிசிலிருந்து இரண்டை வரவழைத்து, “ஒண்ண நீ எடுத்துக்க” என்று கொடுத்திருந்தார். பெரியதில் வண்ணத் திரை, கரையும் கடலும் படமாகவே தெரியும். பேட்டரி நாலு மணி நேரம்தான். சின்னதில் திசையும் வேகமும் மட்டும். பேட்டரி நாள் முழுக்க நிற்கும்.

“நீயே சொல்லு குழலி.”

“நடுவுல அணைஞ்சி போச்சின்னா? சின்னதே எடுங்க. குருசுக்குப்பத்துல பொறந்தவருக்குக் கடல் எங்க இருக்குன்னு படம் போட்டா காட்டணும்?”

அவன் சிரித்தான். (இந்தச் சிரிப்பை இரண்டு முறை அழித்தேன். இருந்துவிட்டுப் போகட்டும்.)

3

அடுத்த ஞாயிறு காலை எட்டு மணிக்கு, ஊருக்கு மேற்கே ஊசுட்டேரிக்கு மேலே அவனைப் பனி மூடியது. கைப்பேசியில் கூப்பிட்டான்.

“குழலி, ஒண்ணும் தெரியல. கீழ போறேன்.”

அவ்வளவுதான்.

கார்குழலி உழவர் வீட்டுப் பெண். இறங்குகிறான் என்றே நினைத்தாள். பொழுது சாயும்வரை ஊரே கரும்புக் கொல்லைகளில் தேடியது. பனி விலகியதும் கடலுக்குப் போய் மீன்பிடித்துத் திரும்பிய கொழுந்தன் பக்கிரிதான் விஷயம் கேட்டதும் தலையில் கைவைத்துக்கொண்டான்.

“அண்ணி, எங்க குப்பத்துல கீழன்னா கெழக்கு! கடக்கரை மணல்ல எறங்கலாம்னு போயிருக்காரு. கரை எங்க முடியுதுன்னு அந்த மிஷினு காட்டாதே!”

மூன்றாம் நாள் வலையில் பாராசூட் துணி மட்டும் வந்தது.

4 (முடிவு, முதல் வரைவு)

மதிவாணன் பெரிய கருவியை எடுத்துக்கொள்கிறான். திரையில் நீலம் தொடங்கும் இடத்தில் அவன் [இல்லை. படித்துக் காட்டியபோது, “அதுல பேட்டரி போயிடுமே சார்” என்று பதறினாள்.]

5

“மிஷின விடுங்க. அவரு வார்த்தைய மட்டும் மாத்துங்க. கெழக்கன்னு சொல்லட்டும், நான் புரிஞ்சிக்குவேன். அப்பவே பக்கிரிக்குச் சொல்லிடுவேன்” என்றாள்.

எழுதிப் பார்த்தேன். வாழ்நாளில் அவன் சொல்லாத வார்த்தை அது. எழுதினால் பறப்பது வேறு யாரோ ஆகிவிடுகிறான். எழுதாவிட்டால், “நானே கொன்னுட்டேன்” என்று சொல்லிக்கொண்டு அவள் என் எதிரில் உட்கார்ந்திருக்கிறாள். இரண்டும் எனக்குத் தாங்கவில்லை.

அதனால் இடம் விட்டிருக்கிறேன்.

“குழலி, ஒண்ணும் தெரியல. ________ போறேன்.”

நீங்கள் நிரப்புங்கள். கொஞ்சம் சீக்கிரம். மணி எட்டுதான் ஆகிறது. பக்கிரியின் படகு இன்னும் கரையில்தான் நிற்கிறது.