அடிக்குரல் இல்லாத ஞாயிறுகள்

தீவிலிருந்து சுவா நகரத்து மருத்துவமனைக்குப் படகேற்றுவதற்குள் லூசியானாவை டெங்குக் காய்ச்சல் கொண்டுபோய்விட்டது. அவளுக்கு ஆறு வயது. அது நடந்து ஐம்பத்தெட்டு நாள் ஆகியிருந்தது.

நூறாவது இரவு வரை உறவினர் ஒவ்வொருவரும் தமக்குப் பிரியமான ஒன்றை விட்டுவிடுவது வழக்கம். தகப்பன் இசோவா புகையிலையை விட்டான். அவனுடைய தங்கை தேநீரில் சர்க்கரையை விட்டு, அந்தத் தியாகத்தைக் கோப்பைக்கொரு முறை நினைவூட்டினாள். அவனுடைய பெரியப்பா பன்றியிறைச்சியை விட்டார். அதை மருத்துவர் ஏற்கெனவே தடுத்திருந்தார். இவற்றையெல்லாம் தாய் வசிதி பொறுத்துக்கொண்டாள். கொழுந்தன் செமேசா விட்டதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. அவன் பாட்டை விட்டிருந்தான்.

ஆலயப் பாடகர் குழுவில் மற்றக் குரல்களைக் கீழிருந்து தாங்கும் அடிக்குரல் என்றால் செமேசாதான். பின்வரிசையில் இன்னும் ஆறு ஆண்கள் உண்டு. ஆனால் அவர்கள் அவனைப் பற்றிக்கொண்டு பாடுகிறவர்கள். அவன் வாய் மூடியதிலிருந்து எந்தப் பாட்டும் இரண்டாம் அடியைத் தாண்டி நிமிர்ந்து நிற்கவில்லை.

வசிதியால் ஜெபிக்க முடியவில்லை. முழங்காலிட்டால் சொல் வரவில்லை. வந்த சிலவும் கடவுளிடம் சொல்லத் தக்கவை அல்ல. ஆறுதல் சொல்ல வந்தவர்கள், கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார் என்றார்கள். அவள் தலையசைத்துத் தேநீர் ஊற்றினாள். மிஞ்சியிருந்தது பாட்டு ஒன்றுதான். அதன் சொற்களை வேறு யாரோ எழுதிவைத்துவிட்டார்கள். நம்ப முடியாத நாளிலும் பாடலாம். கீழே ஓர் அடிக்குரல் தாங்கினால் போதும். பாடுகிறவள் நம்புகிறாளா என்று அது விசாரிப்பதில்லை. அதையும் கொழுந்தன், அன்பின் பெயரால், பறித்துக்கொண்டான்.

போதகரிடம் முறையிட்டாள். நேர்ந்துகொண்டால் நேர்ந்துகொண்டதுதான், இன்னும் நாற்பத்திரண்டு நாள், பொறுமை ஆவியின் கனி என்றார் அவர். அந்தக் கனியைத் தின்று தின்று அவளுக்குப் பல் கூசிவிட்டது.

சனிக்கிழமை காலை செமேசாவின் மரவள்ளித் தோட்டத்துக்கே போனாள்.

"ஏன்டா, விடுறதுக்கு உனக்கு வேற ஒண்ணும் கெடைக்கலியா? சோம்பல விட்டிருக்கலாமே. உன்கிட்ட அதுதானே நெறைய."

"அத விட்டா உயிரோட இருக்க முடியாது அண்ணி."

அவள் சிரிக்கவில்லை. விரதம் தன் மகளுக்காகத்தான் என்றால், பெற்றவளே அதை முடித்துவைப்பதாகச் சொன்னாள். அவன் வழக்கத்தைச் சொன்னான், பெரியவர்களைச் சொன்னான், போதகரைச் சொன்னான். ஒவ்வொன்றுக்கும் அவளிடம் பதில் இருந்தது. கடைசியில் அவனிடம் சாக்குகள் தீர்ந்தன.

"விரதமெல்லாம் சும்மா அண்ணி. லூசியானா பிள்ளைங்க பெஞ்சிலேர்ந்து நழுவி வந்து என் மடியில உக்காந்துக்குவா. நான் பாடுறப்ப நெஞ்சுல காத வச்சுக்குவா. இப்ப வாயத் தொறந்தா அழுதுடுவேன். விரதம்னு சொன்னா யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க."

வசிதிக்கு இரக்கம் வந்தது. ஆனால் எரிச்சல் அதற்கு முன்பே வந்து இடத்தைப் பிடித்திருந்தது.

"அழுதுக்கிட்டே பாடு. உன்ன யாரு அழகா பாடச் சொன்னா? என்னால ஜெபம் பண்ண முடியல செமேசா. பாடத்தான் முடியும். அதுக்கும் நிக்கத் தரை வேணும்ல?"

அவன் கிழங்கு பிடுங்கப் போனான்.

மறுநாள் முதல் பாட்டின் முதல் அடி வழக்கம்போல ஆடியது. இரண்டாம் அடியில் செமேசாவின் குரல் வந்தது: உடைந்து, மூக்கடைத்து, சுருதிக்குச் சற்றுக் கீழே. சர்க்கரையை விட்டவள் திரும்பி முறைத்தாள். போதகர் பாட்டுப் புத்தகத்தில் முகத்தைப் புதைத்தார். ஆறு ஆண்களும் அவன் குரலைப் பற்றிக்கொண்டார்கள். வசிதி நான்கு சரணமும் பாடினாள். அவற்றில் ஒரேயோர் அடியை நம்பியும் பாடினாள். எந்த அடி என்று யாரிடமும் சொல்லவில்லை.

ஆராதனை முடிந்ததும் அவனை வாசலில் நிறுத்தினாள்.

"மூணாவது சரணத்துல இழுத்துட்ட."

"மூக்கு ஒழுகிடுச்சு அண்ணி."

"ஒழுகட்டும். தாளத்த விட்டுடாத."