நேருக்கு நேர் ஒரு முகம்

புகைப்படச் சங்கத்தில் கணக்கருக்கு வைத்த பெயர் முதுகு மன்னன். தெருவில் போகிறவர்களைப் படம் எடுப்பார். ஆனால், அவர்கள் தன்னைத் தாண்டிப் போன பிறகுதான். முகத்துக்கு நேரே கேமராவைத் தூக்கினால் அறை விழும் என்று பயம்.

“இந்தக் கண்காட்சிக்கு ஒரு முகமாவது கொண்டு வாங்க. இல்லைன்னா நாற்காலி போடுற வேலைதான் உங்களுக்கு. கூச்சப்படுறவனுக்கு எதுக்குய்யா தெருப்படம்?” என்றார் சங்கத் தலைவர்.

மறுநாள் தெருமுனைச் சலூன்காரர் தன் கடை நாற்காலியிலேயே வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார். தூங்குகிற முகமும் முகம்தானே என்று கணக்கர் பூனை போல நெருங்கி ஒரு படம் தட்டினார். கேமராதான் சத்தம் போட்டுத் தொலைத்தது.

“யாருய்யா அது? காட்டு!” சலூன்காரர் படத்தைப் பார்த்துப் பதறினார். “ஐயோ, பொண்டாட்டி பார்த்தா மானம் போயிடும். அழிச்சிட்டு ஒழுங்கா எடுய்யா.”

சீப்பால் மீசையை வாரிக்கொண்டு விறைப்பாக உட்கார்ந்தார். கணக்கர் கேமராவைத் தூக்கினார், இறக்கினார், மறுபடி தூக்கினார்.

“சிரிக்கணுமா, முறைக்கணுமா? சீக்கிரம் சொல்லுய்யா, கன்னம் வலிக்குது.”

கணக்கருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்த முறை கேமரா இறங்கவில்லை, படமும் விழுந்தது.

கண்காட்சியில் தலைவர் உதட்டைப் பிதுக்கினார். “இது தெருப்படமா? அடையாள அட்டைப் படம் மாதிரி இருக்கு.”

கணக்கர் கேமராவைத் தூக்கினார். பிதுங்கிய அந்த உதட்டை ஒரு முழத் தூரத்தில் நின்று படம் எடுத்தார்.

“யோவ், கேக்காம எடுக்கலாமா?” என்று அலறிய தலைவர், இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

கணக்கர் பொறுமையாகக் காத்திருந்தார். கையை எடுக்காமலா போவார்?