கஞ்சி போட்ட இறக்கை

1
உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கதை எழுத நான் உட்காரவில்லை. பழைய விமானங்களைப் பற்றி ஆட்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு ஒரு சஞ்சிகைக்காக விடை எழுதிக்கொண்டிருந்தேன். ‘இறக்கையைத் துணியாலா செய்தார்கள்?’ ஓம், மரச்சட்டத்தின் மேல் துணி. அது இறுகவும் ஈரம் புகாதிருக்கவும் ஒரு மெருகெண்ணெய். அத்தோடு முடித்திருக்கலாம். சுபைறா விடவில்லை.

2
1979. மருதமுனைக் கடற்கரையில், வானத்து ராசாளிபோல ஒரு— (சீ, வேண்டாம். மேலும் கீழுமாய் ஈரடுக்கு இறக்கை கொண்ட ஒரு பழைய விமானம் இருமிக்கொண்டு வந்து இறங்கியது.) தோணியொன்றில் உரசிக் கீழ் இறக்கை ஒரு முழம் கிழிந்தது. கொழும்பு விமானி மசூர், தறிக்காரி சுபைறாவிடம் ஊசியையும் ஒரு டின்னையும் கொடுத்தார்.

“தைச்சிட்டு இதப் பூசுங்க ராத்தா. துணி இறுகும்.”

அவர் லுஹர் தொழப் போனதும் சுபைறா டின்னை மோந்து பார்த்தார். “பழுதாப்போன கஞ்சி” என்று மூடி வைத்தார். தன் வீட்டுக் கஞ்சியையே பூசினார். (அவர் தறியில் எந்தத் துணிக்கும் அதுதானே!) வெயிலில் காய்ந்து றபான் மேளம்போல டங்கென்றது. திரும்பி வந்த மசூர் தட்டிப் பார்த்துச் சொக்கிப்போனார். ஊரே சுபைறாவைப் புகழ்ந்தது.

3
இரண்டாம் கேள்வி: ‘எப்படிக் கிளப்புவார்கள்?’ முன்னாலுள்ள விசிறியை ஒருவர் கையால் சுழற்ற வேண்டும். தோணிக்கார அபூசாலி கைவைத்தார்.

“தம்பி, மேகத்துக்குள்ள எப்பிடி இருக்கும்?” சுபைறா மசூரிடம் சும்மாதான் கேட்டார்.

“தெப்பமா நனைஞ்சிருவம் ராத்தா.”

நனைந்தால் கஞ்சி என்னாகும் என்று தறிக்காரிக்கா தெரியாது!

4
முடிவு அ: மானம் பெரிதென்று சுபைறா வாயை மூடிக்கொண்டார். விமானம் மலைப்பக்கம் மேகத்துக்குள்—

முடிவு ஆ: விசிறிக்கு முன்னால் போய் நின்றார். “சுத்தாதீங்க! நான் கஞ்சி போட்டிட்டன்!”

மசூர் குதித்து இறங்கினார். ஒரு கை தண்ணீரை அள்ளித் தெளித்தார். துணி தொய்ந்து, ஒட்டின ஓரம் கழன்றது. மணலில் அப்படியே குந்திவிட்டார்.

“கல்முனைச் சந்த வரைக்கும் சிரிப்பாங்க மனே” என்று சுபைறா அழுதார்.

“சிரிக்கட்டும் ராத்தா. நானும் இருந்து கேக்கலாமே.” அவரும் அழுதார். பிறகு டின்னைத் திறந்தார்கள்.

5
எந்த முடிவு நல்லது? கதைக்கு ‘அ’தான் பலம் என்கிறார் சஞ்சிகை ஆசிரியர். உங்களுக்குப் பிடித்ததை வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு ‘அ’வை எழுதி முடிக்க வழியில்லை. மசூர் என் வாப்பா. நான் பிறந்தது எண்பத்தொன்றில்.