கையில் கட்டிய கட்டளை

"அம்மா, ‘அன்பு வை’ன்னு கட்டளை போட்டா அன்பு வந்துடுமா?"

உன் தேவனை முழு இருதயத்தோடும், முழு ஆத்துமாவோடும், முழுப் பலத்தோடும் நேசி என்று மோசே சொன்ன வசனத்தை மனப்பாடம் செய்துகொண்டிருந்த மகள் ஒருமுறை கேட்டாள். "பேசாம படி" என்று வாயை அடைத்துவிட்டாள் அம்மா. மகள் வளர்ந்து வேறு கேள்விகளுக்குப் போய்விட்டாள். இந்தக் கேள்வி மட்டும் அம்மாவின் தொண்டையில் முள்ளாக நின்றது.

அவளால் நேசிக்க முடியாதவள் ஒருத்தி இருந்தாள். அவளுடைய ஓரகத்தி. குடும்பத்தில் ஓரகத்தி பெரியவள், அம்மா சின்னவள். இருவருக்கும் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. "இவ வந்த நேரம்தான் வீடு ரெண்டாச்சு" என்று பெரியவள் உறவுக்காரர் எல்லாரும் கேட்கச் சொன்ன நாளோடு சின்னவள் பேச்சை நிறுத்திவிட்டாள். ஆனால் படுக்கை விரிப்பை ஒற்றை ஆளாக மடிக்க முடியாது. ஆளுக்கு இரண்டு முனை பிடித்து உதறி, எதிரெதிரே நடந்து வந்து, முனைகளைக் கையில் கொடுக்க வேண்டும். விரல்கள் தொடும். கண்கள் சந்திக்காது.

"ஊமைப் படம் ஓடுது, வாங்க வாங்க!" என்று கூவுவார் சலவை மெஷின்காரர்.

அன்று பெரியவளின் மணிக்கட்டு வீங்கியிருந்தது. முனை நழுவிக்கொண்டே இருந்தது. மேற்பார்வைக்காரி பார்த்துவிட்டுப் பெரியவளிடம் வந்தாள்.

"சாப்பாட்டு நேரம் முடியறதுக்குள்ள உங்க பங்கு ஆபரேஷன் அங்கியெல்லாம் இஸ்திரி ஆகணும். இல்லேன்னா நாளைக்கு வேற ஆள்தான். கோவிச்சுக்காதீங்க."

சின்னவளுக்கு உள்ளுக்குள் கொஞ்சம் இனித்தது. உடனே அதற்காக வெட்கப்பட்டாள். வசனத்தைச் சொல்லிப் பார்த்தாள். இருதயத்தைத் துழாவினால் ஒன்றுமே இல்லை. மேலே சொன்னாள். இந்த வார்த்தைகளை உன் கையில் அடையாளமாகக் கட்டிக்கொள் என்று வந்தது. அங்கேயே நின்றாள். மனசு கனியும்வரை காத்திரு என்று ஆண்டவர் எங்கும் சொல்லவில்லை. கை இருக்கிறது. கையில் பலம் இருக்கிறது.

"அக்கா, டாக்டர்கிட்ட கையைக் காட்டிட்டு வாங்க."

பெரியவள் திடுக்கிட்டாள். "அங்கியை யாரு தேய்ப்பா? உன் மாமியாரா?"

"உங்களுக்கும் அவங்கதானே மாமியாரு? போங்கக்கா. இங்க நின்னா வீக்கம் வடிஞ்சிடுமா?"

"அட, படம் பேச ஆரம்பிச்சிடுச்சே!" என்றார் மெஷின்காரர். பெரியவள் முணுமுணுத்துக்கொண்டே போனாள். மற்றவர்கள் சாப்பிடக் கிளம்பினார்கள்.

கூடம் காலியானது. சின்னவள் இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கினாள். பழைய வாரம் ஒன்று அவள் நினைவுக்கு வந்தது. பிள்ளை பெற்ற உடம்பு தேறுமுன் வேலைக்குத் திரும்பியிருந்தாள்; நிற்க முடியாமல் மூலையில் உட்கார்ந்து எழுந்தபோதெல்லாம் அவள் பங்குக் குவியலை யாரோ தேய்த்து முடித்திருப்பார்கள். யாரும் வாய் திறந்து சொல்லவில்லை. ஆனால் அந்த அங்கிகளின் நாடாக்கள் உள்பக்கமாகச் சுருட்டியிருந்தன; அப்படி மடிப்பது பெரியவள் ஒருத்திதான். அதற்கு இவள் நன்றி சொன்னதே இல்லை.

கை வேகம் கொண்டது. கடைசி அங்கிவரை தேய்த்து, நாடாக்களை உள்பக்கமாகச் சுருட்டி, பெரியவளின் அலமாரித் தட்டில் அடுக்கினாள். இஸ்திரிப் பெட்டியை அணைத்துவிட்டு, ஆறிப்போன சாப்பாட்டைத் திறந்தாள்.