நம்ம ஆளுக்கு என்ன சேதி?

மூக்குக்கண்ணாடிக் கடையில் வில்லைகளைத் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துவது அக்காவின் வேலை. ஊரில் பாதிப் பேருக்கு அவள் கைபட்ட கண்ணாடிதான். ஆனால் தங்கைக்கு மட்டும் எந்தக் கண்ணாடியும் உதவவில்லை. கண் நரம்பில் வந்த நோய் அவள் பார்வையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று தீர்த்துவிட்டது. வீட்டில் இருவரைத் தவிர வேறு யாரும் இல்லை.

தினமும் அக்கா செருப்பைக் கழற்றுவதற்குள் உள்ளேயிருந்து குரல் வரும்.

"நம்ம ஆளுக்கு என்ன சேதி?"

நம்ம ஆள் என்றால் ஒரு நடிகை. பள்ளிக்கூட நாளிலிருந்தே தங்கைக்கு அவள்மேல் உயிர். எந்த விழாவுக்குப் போனாள், என்ன நிறப் புடவை, பேட்டியில் யாரை மடக்கினாள், எல்லாம் தெரிந்தாக வேண்டும். கைபேசியே படித்துச் சொல்லுமே என்றால், "அதுக்குப் படிக்கத்தான் தெரியும், உன்ன மாதிரி வம்பு பேசத் தெரியுமா?" என்பாள். அந்த நேரத்தில் மட்டும் அவள் முகத்தில் பழைய வெளிச்சம் வரும்.

நடிகைக்கு இறங்குமுகம் வந்தது. இரண்டு படங்கள் அடுத்தடுத்துப் படுத்தன. மூன்றாவதிலிருந்து அவளைத் தூக்கிவிட்டு, புதிதாக ஒரு சின்னப் பெண்ணைப் போட்டார்கள். பிறகு செய்தியே இல்லை. அதைச் சொல்ல அக்காவுக்கு வாய் வரவில்லை. "கப்பல் கேப்டனா நடிக்கிறாங்களாம்டி" என்று ஒருநாள் சும்மா அடித்துவிட்டாள். தங்கை கைதட்டிச் சிரித்தாள். அவ்வளவுதான், அக்கா மாட்டிக்கொண்டாள். கப்பல் கடலில் இறங்கியது, புயலில் மாட்டியது, நடிகை நீச்சல் பழகினாள். வில்லை தேய்க்கும்போதே அக்கா அன்றைய கதையை மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொள்வாள்.

அப்போதுதான் அந்த நடிகை ஊருக்கே வந்தாள், ஒரு துணிக்கடையைத் திறந்துவைக்க. பக்கத்து வீட்டில் யாரோ சொல்லித் தங்கைக்குத் தெரிந்துவிட்டது.

"கூட்டத்துல நசுங்கிடுவோம், வேணாம்டி."

"குரலையாவது கேட்டுட்டு வந்துடுறேன்க்கா. இனி எனக்கு வேற என்ன இருக்கு?"

அக்காவால் மறுக்க முடியவில்லை. கடையிலிருந்து நல்ல கறுப்புக் கண்ணாடியாகப் பார்த்து எடுத்து வந்து மாட்டிவிட்டாள்.

நசுங்கும் அளவுக்குக் கூட்டமே இல்லை. நடிகை மெலிந்து, பூச்சுக்கு அடியில் களைத்திருந்தாள். அந்தப் புது நடிகையைக் கூட்டிவந்திருக்கலாமே என்று யாரோ அவள் காதில் விழும்படியே முனகினார்கள். அவள் சிரிப்பை விடாமல் வரிசையாகக் கைகொடுத்துக்கொண்டு வந்தாள். அக்கா தங்கையின் தோளைப் பிடித்துப் பின்னுக்கு இழுப்பதற்குள் தங்கை கையை நீட்டிவிட்டாள்.

"அம்மா, உங்க கப்பல் படம் எப்ப வருது? புயல்ல நீங்களே குதிச்சு நீந்தினீங்களாமே!"

நடிகையின் சிரிப்பு நின்றது.

"எந்தப் படம்? எனக்குப் படமே இல்லன்னு ஊருக்கே தெரியும். நக்கல் பண்ணத்தான் கண்ணாடி எல்லாம் மாட்டிக்கிட்டு வந்தீங்களா?"

பின்னாலிருந்து கொல்லென்று ஒரு சிரிப்பு எழுந்தது. "ஐயோ, அவளுக்குக் கண்ணு..." என்று அக்கா தொடங்குவதற்குள் நடிகை கடந்துபோய்விட்டாள். நீட்டிய கை அப்படியே நின்றது.

வீட்டுக்குள் வந்தபின்தான் தங்கை கேட்டாள்.

"எல்லாமே நீ கட்டின கதையாக்கா?"

"உனக்காகத்தான்டி..."

"பாவம், அவங்க மனச நோகடிச்சுட்டேனே. இத்தன நாளு அவங்க அங்க அழுதுட்டு இருந்திருக்காங்க. நான் இங்க கைதட்டிட்டு இருந்திருக்கேன்."

அதன்பின் சேதி கேட்பதை அவள் நிறுத்திவிட்டாள்.

சில மாதங்களில் உண்மையாகவே நல்ல சேதி வந்தது. நடிகைக்கு ஒரு தாய் வேடம், பெரிய படம். அக்கா மூச்சிரைக்க ஓடிவந்து சொன்னாள். தங்கை சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அக்கா பேட்டியைக் கைபேசியில் போட்டாள். அதே குரல், உற்சாகமாகப் பேசியது.

தங்கை கொஞ்ச நேரம் கேட்டாள்.

"நிஜம்தான் போல. நல்லா இருக்கட்டும். அதை அணைச்சுடுக்கா. அந்தக் குரல் வந்தாலே எனக்குப் பின்னால ஆளுங்க சிரிக்கிற மாதிரி இருக்கு."

அக்கா அணைத்தாள். வேறு ஏதாவது பேசலாமென்று வாயைத் திறந்தாள். எதைச் சொன்னாலும் அது உண்மையா பொய்யா என்று தங்கை தனக்குள் எடைபோடுவாளே என்று தோன்றியது. எழுந்து உலை வைக்கப் போனாள்.