ராமாமணியின் இரண்டு வண்டிகள்

கோயம்புத்தூர் வடவள்ளியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் லிஃப்டுக்குள் ஒரு திங்கட்கிழமை காலை புது அறிவிப்பு ஒட்டியிருந்தது. பதினைந்து வருஷம் தாண்டிய கார்களை இனி வளாகத்துக்குள் நிறுத்தக் கூடாது. குடியிருப்போர் சங்கம் போட்டிருக்கும் சார்ஜிங் பாயிண்டில் முழு எலெக்ட்ரிக் கார்களை மட்டும்தான் செருகலாம். கீழே செயலாளர் சாய்குமாரின் கையெழுத்து.

படித்து முடித்ததும் ராமாமணிக்குச் சிரிப்புத்தான் வந்தது. அத்தனை வீடுகளில் இரண்டு விதியிலும் மாட்டுகிற ஆள் அவள் ஒருத்திதான். அவளுடைய ஒரு வண்டிக்கு வயசு அதிகம். இன்னொரு வண்டிக்கு மின்சாரம் போதாது.

ராமாமணி கணபதிப் பகுதியில் புருஷன் வெங்கடபதியோடு சேர்ந்து பம்ப்செட் உதிரிபாகப் பட்டறை நடத்தி, போன வருஷம்தான் அதைக் கைமாற்றிவிட்டவள். கார் என்றால் அவளுக்கு உயிர். வெங்கடபதிக்கோ கார் என்பது போய்ச் சேருவதற்கு ஒரு சாமான், அவ்வளவுதான். 1999இல் மாருதி எஸ்டீம் காரை ஷோரூமிலிருந்து ஓட்டிவந்தவளே அவள்தான். இன்றைக்கும் அதன் பதிவைப் புதுப்பித்து, புகைச் சான்றிதழ் எடுத்து, கல்யாணப் பெண்ணைப் போலத் துடைத்து வைத்திருந்தாள்.

இன்னொன்று பிளக்-இன் ஹைபிரிட். பெட்ரோலிலும் ஓடும், செருகி சார்ஜ் ஏற்றினால் கரண்டிலும் ஓடும். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி முதலாளியிடமிருந்து செகண்ட் ஹேண்டாக வாங்கினாள். டிக்கியைத் திறந்தபோது சார்ஜிங் கேபிள் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் கிடந்தது. அவர் ஒரு நாளும் செருகியதில்லை. "செருகாம ஓட்டறதுக்கு இதை எதுக்குங்க வாங்குனீங்க?" என்று அவர் முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டு உறையைக் கிழித்தாள். தினமும் செருகத் தெரியாதவன் அந்த வண்டியைத் தொடவே கூடாது என்பது அவள் கட்சி. செருகுகிறவளுக்கோ காய்கறி மார்க்கெட், மருதமலை, ஆஸ்பத்திரி எல்லாம் கரண்டிலேயே முடிந்துவிடும். தொலைதூரம் போனால் இன்ஜின் இருக்கிறது. எலெக்ட்ரிக் கார் வைத்திருந்தவர்கள் அதை அரைகுறை என்றார்கள். பழைய கார்ப் பிரியர்கள் அவள் கட்சி மாறிவிட்டதாகச் சொன்னார்கள். இரண்டு பேருக்கும் பதில் சொல்ல அவளுக்கு அலுக்கவே இல்லை.

அறிவிப்பு ஒட்டிய அன்று சாயங்காலம் சாய்குமாரே வீட்டுக்கு வந்தான். நல்ல பையன்தான், மரியாதை தெரிந்தவன். ஒரு சேவைச் சங்கம் பசுமை வளாகம் என்று பரிசு கொடுக்கிறது, நடுவர்கள் வரப்போகிறார்கள், நம் வளாகத்துக்குக் கிடைத்தால் எல்லோருக்கும் பெருமை என்று காபி ஆறும்வரை விளக்கினான். பிறகு விஷயத்துக்கு வந்தான்.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. எஸ்டீமைப் பழைய இரும்புக்குப் போட்டுருங்க. ஹைபிரிடை வித்துப்போட்டு ஒரு எலெக்ட்ரிக் எடுத்துக்குங்க."

"தம்பி, எஸ்டீமைச் செய்யறப்பப் போன புகை என்னைக்கோ போயாச்சுங்க" என்றாள் ராமாமணி. "அதை நொறுக்கிப்போட்டுப் புதுசு வாங்குனா, புதுசைச் செய்ய இன்னொருக்காப் புகை போகுமில்லீங்க? நான் அதை வருசத்துக்கு நாலு தரம்தான் தூரமா எடுக்கறேன். அதுக்காக நல்லா ஓடற வண்டியைக் கொல்லச் சொல்றீங்களா?"

சாய்குமார் வெங்கடபதியைப் பார்த்தான். வெங்கடபதி ஜன்னலைப் பார்த்தார். சண்டை என்றால் அவருக்கு ஆகாது.

சங்கத்தின் சார்ஜரை அவள் கெஞ்சப் போகவில்லை. ஹைபிரிடுக்குச் சாதாரண பதினைந்து ஆம்பியர் பிளக்கே போதும். லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீசியனை வைத்துத் தன் வீட்டு மீட்டரிலிருந்து தன் பார்க்கிங் இடத்துக்குத் தனி லைன் இழுத்தாள். இரண்டாம் நாளே அந்தப் பிளக்கின்மேல் ஒரு இரும்புப் பெட்டியும் பூட்டும் ஏறியிருந்தன. தீ அபாயம் என்று சங்கம் பூட்டியதாம். ராமாமணி வீட்டிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்து வந்தாள். வாட்ச்மேன் மாசாணம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பெட்டியைக் கழற்றி, திருகாணிகளைக்கூடச் சிந்தாமல் உள்ளே போட்டு, செயலாளரிடம் கொடுத்துவிடும்படி அவர் கையிலேயே தந்தாள். அவள் வண்டி அன்றும் சார்ஜ் ஏறியது.

நடுவர்கள் வரும் ஞாயிற்றுக்கிழமை காலை, கீழே இறங்கி வந்தவள் திகைத்து நின்றாள். எஸ்டீம் இல்லை. எண்ணெய் ஒரு சொட்டுச் சிந்தாத வெறும் சிமெண்டுத் தரை மட்டும் இருந்தது. மாசாணம் தயங்கித் தயங்கி, ஐயாதான் எடுத்துப் போனார் என்றார். சாய்குமார் கேட்டதற்காக, ஒரு காலை நேரம்தானே என்று, வெங்கடபதி அவளிடம் சொல்லாமலே வண்டியை ரோட்டில் ஒரு புளியமரத்தடியில் விட்டிருந்தார்.

அவளுக்குக் கண் கலங்கியது. ஊரே சொன்னாலும் தாங்கியிருப்பாள். வீட்டுக்குள்ளிருந்து வந்ததுதான் தாங்கவில்லை. மேலே போய் மேஜையிலிருந்து சாவியை எடுத்தாள்.

நடுவர்கள் புதிதாக நட்ட செடிகளைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் எஸ்டீம் பெரிய கேட் வழியாக உள்ளே வந்தது. ராமாமணி அதை ஒரே வீச்சில் ரிவர்ஸ் எடுத்து, ஹைபிரிடுக்குப் பக்கத்தில் தன் இடத்தில் நிறுத்தினாள். இறங்கி, ஹைபிரிடுக்குக் கேபிளைச் செருகினாள். நடுவர்களில் ஒருவர் பழைய வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, இதை இன்னும் வைத்திருக்கிறீர்களா என்று கேட்டார்.

"இருவத்தாறு வருசமா ஒரே வண்டிங்க. உங்க வீட்டுல அதுக்குள்ள எத்தனை வண்டி மாறுச்சுங்க?"

அவர் செடிகள் பக்கம் திரும்பி நடந்தார். சாய்குமார் அவர் பின்னால் ஓடினான்.

பரிசு சரவணம்பட்டியில் வேறொரு வளாகத்துக்குப் போனது. அவளால்தான் போனது என்று இங்கே எல்லோரும் முடிவு கட்டினார்கள். வாட்ஸ்அப் குழுவிலிருந்து அவளை எடுத்துவிட்டார்கள். லிஃப்டில் ஏறினால் பேச்சு நின்றது. ராமாமணி தலை நிமிர்ந்து ஏறினாள், தலை நிமிர்ந்தே இறங்கினாள். ஆனால் வீட்டில் வெங்கடபதியோடு சோறு, குழம்பு என்ற அளவுக்குத்தான் பேச்சு.

அடுத்த பொதுக்குழுவில் எஸ்டீமை இழுவை வண்டி வைத்து அப்புறப்படுத்தத் தீர்மானம் வந்தது. ராமாமணி எழுவதற்குள் பக்கத்து நாற்காலி நகர்ந்தது. எழுந்தவர் வெங்கடபதி. பட்டறைத் தொழிலாளிகள் முன்னால்கூட அவர் நின்று பேசி யாரும் பார்த்ததில்லை.

"அன்னைக்கு வண்டியை வெளிய உட்டது நானுங்க. அது தப்புங்க. அந்த இடம் நாங்க வாங்குனது. வண்டி அங்கதான் நிக்கும். இழுக்க வாரவங்க என்னைத் தாண்டித்தான் வரோணும்."

சொல்லிவிட்டு உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். தீர்மானம் ஓட்டுக்கே வரவில்லை. விதியையும் யாரும் நீக்கவில்லை. அது லிஃப்டில் ஒட்டியபடியே இருந்தது, எஸ்டீமும் கீழே நின்றபடியே இருந்தது.

அந்தக் கோடையில் வால்பாறைக்குப் புறப்பட்டபோது எந்த வண்டி என்று வெங்கடபதி கேட்டார்.

"ரெண்டும்தானுங்க. ஹைபிரிடை நீங்க ஓட்டுங்க."

ஆழியாறிலிருந்து அவள் முன்னால், அவர் பின்னால். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் எஸ்டீமை இரண்டாம் கியருக்கு இறக்கி, அதன் குரல் ஏறுவதைக் கேட்டுக்கொண்டே திருப்பினாள். கண்ணாடியில் அவர் வண்டி சத்தமில்லாமல் தொடர்ந்து வந்தது. ஒரு நாள் தங்கித் திரும்பி இறங்கும்போது, பிரேக் பிடிக்கப் பிடிக்கப் பேட்டரி ஏறுவதை வெங்கடபதி முதன்முறையாகக் கவனித்தார். அடிவாரத்தில் வண்டியை ஓரங்கட்டி, இறங்கி ஓடி வந்து அதை அவளிடம் சொன்னார்.

"இத்தனை நாளா நான் என்னத்தைச் சொல்லிக்கிட்டிருந்தேனுங்க" என்றாள் ராமாமணி. ஆனாலும் இறங்கிப் போய், அவர் காட்டிய சார்ஜ் அளவை ஒரு தரம் பார்த்துவிட்டுத்தான் வந்தாள்.