நோட்டுல எழுதாத துடிப்பு

அம்மா, அண்ணா, ரெண்டு பேருக்கும் சேத்தித்தான் பேசறேன். தொண்டாமுத்தூர் பஸ்ஸுல உக்காந்துட்டு போன்ல பேசியே டைப் பண்றேன், தப்பா உளுந்தா திருத்திப் படிச்சுக்கங்க. மொதல்ல ஒண்ணு, எனக்கு பயப்படற மாதிரி ஒண்ணுமில்ல. அண்ணா, ஞாயித்துக்கெழம என்னைய பொட்டியோட ஊருக்குக் கூட்டீட்டுப் போக நீ கோபில இருந்து வர வேண்டாம்.

ஒரு மாசமா நெஞ்சு நின்னு நின்னு ஓடுதுன்னு சொன்னேனல்லோ. அப்பா நெஞ்சு வலில போனதால நீங்க பயந்தீங்க, நானுந்தான். கம்பெனில மாடி ஏறுறதையே உட்டுட்டேன். மூணாவது மாடில எண்ணெய் பாட்டலுக்கு லேபிள் ஒட்டற என்னோட வேலைய, கூட வேலை செய்யற ஃபஹீமாகிட்ட தள்ளிப்போட்டு கீழயே இருந்துட்டேன்.

முந்தாநேத்து மத்தியானம் டாக்டரம்மா நெஞ்சுல வயரெல்லாம் ஒட்டி, இடுப்புல சின்ன மிசின் ஒண்ணு கட்டி உட்டாங்க. ஒரு நாள் முழுக்க கழட்டக் கூடாதாம். நெஞ்சு ஒரு மாதிரி ஆனா நேரத்த நோட்டுல எழுதோணுமாம். பதினோரு தடவ எழுதினேன். பதினொண்ணுக்கும் 'நின்னுபோச்சு'ன்னே எழுதிப்போட்டேன்.

இன்னைக்கு டாக்டரம்மா அந்த மிசின்ல பதிவானத பேப்பர்ல எடுத்து விரிச்சுப் பாத்துட்டு, எங்கயுமே நிக்கலைன்னுட்டாங்க. ஒரு துடிப்பு அவசரப்பட்டு முந்தி வந்துருதாம். அப்பறம் சித்தெ இடைவெளி உட்டு அடுத்தது பலமா அடிக்குதாம். அதுதான் எனக்குத் திக்குங்குது. முன்னாடி எடுத்த ஸ்கேனும் நல்லா இருக்குதுன்னாங்க.

அப்பறம் ஒரு எடத்துல வெரல வெச்சு, "நேத்து காலைல ஏழே காலுக்கு துடிப்பு நிமிசத்துக்கு நூத்தியம்பது போயிருக்குது. நோட்டுல ஒண்ணையும் காணமே. என்ன பண்ணீட்டு இருந்தீங்க அம்மணி?"ன்னாங்க.

"யானை வந்துச்சுங்க"ன்னேன்.

கம்பெனிக்குப் பின்னால வாழத்தோட்டத்துல யானை பூந்துருச்சு. பாக்கோணும்னு ஃபஹீமா கையப் புடிச்சு இழுத்துட்டு மொட்டமாடிக்கு ஓடுனது நாந்தான். மூச்சு வாங்கிட்டே, "ஏன்டி, நீதான் ஹார்ட் பேஷண்டா"ன்னு கேட்டா அவ. யானை போறவரைக்கும் எனக்கு நெஞ்சு ஞாபகமே வரல.

டாக்டரம்மா சிரிச்சுட்டாங்க. "ஓடுனப்ப ஏறுச்சு, நின்னப்ப தானா எறங்கீருச்சு. அது வேலையச் செரியா செய்யுது."

காப்பியக் கொறச்சு நேரத்துல தூங்கச் சொன்னாங்க. மயக்கம் வந்தாலோ நெஞ்சு வலிச்சாலோ மட்டும் உடனே வரோணுமாம். இப்பக்கூட பஸ்ஸுல ஒருக்கா திக்குனுச்சும்மா. முந்தி வந்துட்டயான்னு மனசுக்குள்ள கேட்டுட்டு சும்மா இருந்தேன்.

அண்ணா, சும்மா பாக்கறதுக்குன்னா ஞாயித்துக்கெழம வா. அன்னைக்கு எனக்கு வேலை இருக்குது, மூணாவது மாடில. நீதான் ஏறி வரோணும்.